பழைய ஃபயர் வண்டியை மீட்டு, ஏப்ரல் 14 அன்று தீயணைப்பு வீரர்களுக்கு நன்றி சொல்வது எப்படி: கொங்குப் பகுதிக்கான முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் 14 பெரும்பாலான ஆண்டுகளில் நமக்குச் சித்திரை ஒன்று. விடியற்காலையில் எழுந்து கனி பார்த்துவிட்டு நாம் கோயிலுக்குக் கிளம்புகிற அதே காலையில், பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் காக்கி உடுப்போடு ஆட்கள் வரிசையாக நின்று மலர்வளையம் வைத்து மௌன அஞ்சலி செலுத்துவார்கள். எதற்காக என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள், கூடவே ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள். பஞ்சு ஏற்றியிருந்த அறையில்தான் புகை கிளம்பியது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர், கப்பல் வெடித்ததில் இறந்தார்கள். பஞ்சுத் தீயின் குணம் மில்லில் வேலை பார்த்தவர் இருக்கிற எந்தக் கொங்குக் குடும்பத்துக்கும் தெரியும். மேலே தண்ணீர் அடித்தால் அணைந்த மாதிரி இருக்கும், ஆனால் இறுக்கிக் கட்டிய பொதிக்குள் தண்ணீர் இறங்காது, உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், பொதியை இழுத்து வெளியே போட்டுப் பிரித்து நனைத்தால்தான் தீரும். அந்த வேலையை இன்றைக்கும் நம்ம ஊர் ஸ்டேஷன் ஆட்கள் பஞ்சு குடோன், பனியன் வேஸ்ட் குடோன், நார் மில் என்று செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் அந்த நாளை நாம் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது என்பது என் எண்ணம்.

இதில் பழைய ஃபயர் வண்டி எங்கே வருகிறது? ஃபயர் வண்டி என்பது ஒரு லாரி சேசி, அதன்மேல் ஒரு தண்ணீர் டேங்க், ஒரு பம்ப், கையால் செய்த ஒரு பாடி. கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரி பாடியும் டேங்கரும் கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டியையே உருவாக்கி இந்தியா முழுக்க அனுப்புகிறார்கள், பம்ப் என்றால் கோயமுத்தூர். நான்கு வேலைக்கும் இரண்டு மூன்று மணி நேரப் பயணத்துக்குள் ஆள் இருக்கிற இடம் நம்முடையது. அப்படியிருந்தும் பழைய ஃபயர் வண்டிகளும் மில் பம்புகளும் கிலோ கணக்கில் எடைக்குப் போகின்றன. அதைத் தடுத்து, வண்டியை நல்லபடியாக எழுப்பி, அதை ஓட்டினவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது வரைக்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த வண்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பழைய ஃபயர் வண்டி என்றதும் பித்தளை மணியும் மர ஏணியும் வைத்த மெரிவெதர், டென்னிஸ் வண்டிகள்தான் கண் முன்னால் வரும். இரண்டுமே இங்கிலாந்துக் கம்பெனிகள், மெரிவெதர் லண்டன், டென்னிஸ் கில்ட்ஃபோர்ட். அந்த மாதிரி ஒன்று இன்றைக்குக் கைக்குக் கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் விலையும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். நம்மால் உண்மையிலேயே தேடிப் பிடிக்கக் கூடியவை வேறு: லேலண்ட் காமெட், பெட்ஃபோர்டு, டாட்டா மெர்சிடஸ் சேசிகளில் இங்கேயே கட்டின தண்ணீர் வண்டிகள், ஜீப்பின் பின்னால் பம்ப் வைத்த சின்ன வண்டிகள், அப்புறம் டிரெய்லர் பம்ப்.

முதல் முறை இறங்குகிறவர்களுக்கு நான் டிரெய்லர் பம்பைத்தான் சொல்வேன். இரண்டு சக்கரம், ஒரு எஞ்சின், ஒரு பம்ப், அவ்வளவுதான். பழைய நூற்பாலைகள் பலவற்றில் தீக்காக இதை ஷெட்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள், அடிவட்டமான சிவப்பு வாளி வரிசை பக்கத்திலேயே தொங்கும். ஒரு கார் ஷெட்டுக்குள் வைத்தே முழு வேலையும் முடிக்கலாம். சின்னது என்று குறைவாகவும் நினைக்க வேண்டாம். கவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி தீயணைப்புப் பம்புக்காகச் செய்த எஃப்.டபிள்யூ. என்ற எடை குறைந்த எஞ்சினிலிருந்துதான் 1950-களில் லோட்டஸ், கூப்பர் பந்தயக் கார்களில் ஓடின எஃப்.டபிள்யூ.ஏ. எஞ்சின் பிறந்தது. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் கார் ஓடுவதைப் பார்த்து வளர்ந்த கோவைப் பையன்களிடம் இதைச் சொல்லுங்கள், டிரெய்லர் பம்பைச் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

பெரிய லாரி வண்டி வேண்டும் என்றால் தனியாளாக இறங்காதீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து, அதில் ஒருவராவது பட்டறைக்காரராக இருந்தால் மட்டும் எடுங்கள். நிறுத்த மழை படாத இடம், கூரை உயரம், வண்டி திரும்ப வாசல் அகலம், இவற்றை டேப் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் வண்டியைத் தேடவே கிளம்ப வேண்டும்.

2. எங்கே தேடுவது

2023 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி வந்திருக்கிறது. மத்திய, மாநில அரசு, உள்ளாட்சி, பொதுத்துறை நிறுவனம், அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆகியவற்றின் வண்டிகள் 15 வருடம் தாண்டினால் பதிவைப் புதுப்பிக்க முடியாது, பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் ஸ்டேஷனில் ஓரமாக நிற்கிற பழைய வண்டியைப் பார்த்து ‘ஏலத்தில் எடுத்து ஓட்டலாம்’ என்று ஆசைப்படாதீர்கள். அந்த வண்டியை வெட்டாமல் நிலைய வாசலிலோ பயிற்சி மையத்திலோ காட்சிக்கு நிறுத்தும்படி ஊர்க்காரர்கள் கையெழுத்திட்டு மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கும் கலெக்டருக்கும் மனு கொடுக்கலாம். வண்டி துறையிடமே இருக்கும், பராமரிப்புச் செலவை நீங்கள் ஏற்கலாம். இதுவும் மீட்பதுதான்.

சொந்தமாக வேண்டும் என்றால் தனியார் பக்கம் தேடுங்கள். மூடின நூற்பாலைகள், சர்க்கரை ஆலை, சிமெண்ட் ஆலை, பெரிய எஸ்டேட்டுகள். மில்லை விற்கும்போது மெஷின்களுக்குத்தான் ஆள் வருவார்கள், ஃபயர் பம்பை யாரும் கேட்க மாட்டார்கள், அது அப்படியே பழைய இரும்போடு போய்விடும். மில்லின் பழைய மெயின்டெனன்ஸ் மேஸ்திரி யாரையாவது பிடித்துக் கேட்டால், எந்த ஷெட்டில் என்ன கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் சொல்லி வையுங்கள். முழு வண்டி கிடைக்காவிட்டாலும் மணி, பித்தளை பிராஞ்ச் (ஹோஸ் நுனியில் கையில் பிடிக்கிற குழாய்), ஹோஸை இணைக்கிற கப்ளிங், பழைய ஹெல்மெட் என்று துண்டு துண்டாக வரும், அவை பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

3. காகிதம்

50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது, ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட் கூட உண்டு. ஆனால் அது இரு சக்கர வண்டிக்கும் ஆட்கள் பயணிக்கிற சொந்தக் காருக்கும்தான். லாரி வகையில் வருகிற ஃபயர் வண்டிக்குப் பொருந்தாது. இதைத் தெரியாமல் வண்டியை வாங்கிவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைவதில் அர்த்தமில்லை. தனியார் பெயரில் ஆர்.சி. புக் உயிரோடு இருந்தால், அதைப் புதுப்பிக்க முடியுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். இல்லாவிட்டால், காட்சிப் பொருளாகவே வைத்துக்கொண்டு விழாவுக்கு லோ பெட் வண்டியில் ஏற்றிப் போவது என்று மனதைத் தேற்றிக்கொள்வதுதான் நல்லது.

எந்த வகையில் வாங்கினாலும், யாரிடம் வாங்கினோம், என்ன விலை, சேசி நம்பர், எஞ்சின் நம்பர் எல்லாம் போட்டு ஒரு விற்பனைக் கடிதம் வாங்குங்கள். மில் சொத்து என்றால் மில் பெயரிலேயே ரசீது வேண்டும்.

சைரனும் சுழல் விளக்கும் பற்றி ஒன்று. பல தொனியில் அலறுகிற ஹாரன் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் போன்ற பணி வண்டிகளுக்குத்தான் அனுமதி. நீங்கள் சரிசெய்த வண்டியில் அது வேலை செய்தாலும் ரோட்டில் ஒலிக்கவே கூடாது. ஒருமுறை விளையாட்டுக்கு ஒலித்தாலும் அடுத்த தடவை உண்மையான வண்டிக்கு வழிவிட ஒருவர் யோசிப்பார், அந்தச் சில நொடிகள் யாரோ ஒருவரின் உயிர். கையால் அடிக்கிற பித்தளை மணி போதும், அதுவும் வண்டி நிற்கும்போது.

4. வாங்கும் முன் பார்க்க வேண்டியது

எஞ்சின் ஓடவில்லை என்பது பெரிய குறை இல்லை. காமெட்டோ பெர்க்கின்ஸ் பி6-ஓ எதுவாக இருந்தாலும் பழைய லாரி எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆட்கள் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் இன்னும் இருக்கிறார்கள். பயப்பட வேண்டியவை வேறு.

பம்ப் கேசிங்கில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கன்மெட்டல் என்ற செம்புக் கலவை வார்ப்பு என்றால் காசுக்காக உள் பாகங்களைக் கழற்றி விற்றிருப்பார்கள், கை விட்டு இம்பெல்லர், அதாவது உள்ளே சுழல்கிற சக்கரம், இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பழைய பாடிகள் மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்தவை, வெளியே தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே கரையான் தின்று மரம் மாவாகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் மரத்தைக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். டேங்கின் அடிப்பகுதியும் டேங்கைத் தாங்குகிற சேசி இடமும் துருப் பிடிக்கிற இடங்கள். அப்புறம் பம்புக்கு எஞ்சின் சக்தியைக் கொண்டுபோகிற பி.டி.ஓ. கியர் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் பம்ப் வெறும் அலங்காரம். புதிதாகச் செய்யலாம், ஆனால் விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

5. ஒரு போல்ட்டைக் கழற்றும் முன் அந்த வண்டியில் வேலை பார்த்தவரைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எல்லோரும் வண்டி முடிந்த பிறகு, திறப்பு விழாவுக்குப் பொன்னாடை போர்த்தத்தான் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரரைத் தேடுகிறார்கள். முதல் நாளே தேடுங்கள். அந்த ரக வண்டியில் டிரைவர் மெக்கானிக்காக இருந்தவருக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த வால்வை முதலில் திறப்பது, பம்பிலிருந்து காற்றை உறிஞ்சுகிற பிரைமர் எந்தச் சத்தம் போட்டால் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம், ஏணியை எந்தப் பக்கமிருந்து இறக்குவது, யார் எந்த இடத்தில் உட்கார்வார்கள் என்பதையெல்லாம் கேட்டால்தான் தெரியும்.

ஓய்வு பெற்றவர்களின் சங்கம் மூலமாகவோ, நிலைய அலுவலரிடம் மரியாதையாகக் கேட்டோ கண்டுபிடிக்கலாம். போகும்போது வண்டியின் போட்டோக்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டு போங்கள், போனில் காட்டினால் வயதானவர்களுக்குக் கண் தெரியாது. முடிந்தால் வண்டி நிற்கிற இடத்துக்கே அழைத்து வாருங்கள், வண்டி வைத்து நீங்களே கூட்டி வந்து திரும்ப வீட்டில் விடுங்கள். ‘ஐயா, நீங்க இதுல எங்க உக்காருவீங்க, ஏறிக் காட்டுங்க’ என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவரே சொல்வார். அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். பெரிய தீ விபத்துகளைப் பற்றி மட்டுமே கேட்டுக் குடைய வேண்டாம், சிலவற்றை அவர்கள் பேச விரும்ப மாட்டார்கள், குழந்தைகள் இறந்த இடங்களைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். கிணற்றில் விழுந்த மாட்டைக் கட்டித் தூக்கியது, மழையில் வாய்க்கால் உடைந்தபோது ஊருக்குள் போனது, ஸ்டேஷனில் சமைத்துச் சாப்பிட்டது, இவற்றை அவர்களாகவே சந்தோஷமாகச் சொல்வார்கள்.

6. பிரிப்பது, அதில் உள்ள ஆபத்துகள்

எங்கு என்ன இருந்தது என்று ஒவ்வொரு கோணத்திலும் போட்டோ எடுத்து, கழற்றின ஒவ்வொன்றுக்கும் அட்டை கட்டி எழுதுங்கள். இது எல்லோரும் சொல்வதுதான். சொல்லாமல் விடுகிறவை இவை:

பழைய பிரேக் லைனிங், சைலன்சர் குழாயில் சுற்றின துணி, பம்ப் ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கிற கிளாண்டில் திணித்த கயிறு, தீப்போர்வை, எல்லாவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்க்கவோ கம்ப்ரெஷர் வைத்து ஊதவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு எடுத்து, இரட்டை பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பழைய பெயிண்டிலும் அடியில் உள்ள செந்தூரப் பூச்சிலும் ஈயம் உண்டு, அதையும் தண்ணீர் எமரியால்தான் தேய்க்க வேண்டும், பக்கத்தில் குழந்தைகள் விளையாடக் கூடாது.

வண்டியில் கைப்பம்ப் மாதிரி சின்னப் பித்தளைத் தீயணைப்பான் கிடைத்தால் அழகாக இருக்கிறதே என்று அடித்துப் பார்க்காதீர்கள். அதற்குள் இருப்பது கார்பன் டெட்ராகுளோரைடாக இருக்கலாம், மூச்சில் போனாலே ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், சூட்டில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும். தனியாக எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, அபாயக் கழிவு எடுக்கிற நிறுவனத்திடம் கொடுங்கள். காலியாகச் சுத்தம் செய்யப்பட்ட கூடு மட்டும் காட்சிக்குத் திரும்பி வரட்டும்.

7. பம்ப்

இங்கேதான் கோயமுத்தூர் கைகொடுக்கும். ஃபயர் பம்பும் தோட்டத்து மோட்டார் பம்பும் அடிப்படையில் ஒரே ஜாதி, சுழல்கிற இம்பெல்லர் தண்ணீரை வெளியே வீசுகிறது. உள்ளே காற்று இருந்தால் இழுக்காது. தோட்டத்தில் ஃபுட் வால்வு பிடிக்காவிட்டால் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி ஏர் எடுப்போம் அல்லவா, தீப்பிடித்த இடத்தில் அதற்கு நேரம் இல்லை என்பதால் ஃபயர் பம்பில் பிரைமர் என்ற தனி உறுப்பு காற்றை உறிஞ்சி எடுத்துவிடும், தண்ணீர் தானாக ஏறும். இன்னும் பழைய மெரிவெதர் வண்டிகளின் ஹாட்ஃபீல்டு பம்ப் பிஸ்டன் வகை, அதற்குத் தனி பிரைமர் தேவைப்படாது, ஆனால் உங்களுக்குக் கிடைக்கப் போவது பெரும்பாலும் சுழல் வகைதான்.

ஷாஃப்ட், புஷ், இம்பெல்லர் தேய்மானத்தை அளந்து, கன்மெட்டலில் வார்த்து, லேத்தில் கடைந்து தர கோவை ஃபவுண்டரிகளில் முடியும். மாதிரிக்குப் பழைய உறுப்பையே கொடுங்கள், அது எவ்வளவு உடைந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். கிளாண்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கிராஃபைட் பேக்கிங் வாங்குங்கள். ரொம்ப இறுக்கிவிடக் கூடாது, ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்தால்தான் ஷாஃப்ட் சூடாகாது.

சோதனை இப்படி: முதலில் தண்ணீர் இல்லாமல் எல்லா வாய்களையும் மூடிவிட்டுப் பிரைமரை மட்டும் ஓட்டுங்கள், வெற்றிடத்தைக் காட்டுகிற வேக்குவம் கேஜ் 0.8 பார் அளவுக்கு வர வேண்டும், நிறுத்திய பிறகு முள் சரசரவென்று விழுந்தால் எங்கோ காற்று கசிகிறது, சோப்புத் தண்ணீர் வைத்தோ காது வைத்தோ தேடுங்கள். காற்றுக் கசிவு சரியான பிறகுதான் தண்ணீர். தொட்டியில் தண்ணீர் உறிஞ்சுகிற சக்‌ஷன் ஹோஸை இறக்கி, நுனியில் வலை மாட்டி, வலை முழுக்க தண்ணீருக்குள் இருக்கும்படி வையுங்கள். தண்ணீர் வெளியேறுகிற டெலிவரி வாயை மூடி வைத்துக்கொண்டு பம்பை நீண்ட நேரம் சுற்றவிடக் கூடாது, உள்ளே தண்ணீர் கொதித்துவிடும்.

பழைய கேன்வாஸ் ஹோஸில் அழுத்தம் கொடுக்கவே கூடாது. அது சுருட்டி வைத்துக் காட்டுவதற்கு மட்டும். அடித்துக் காட்ட ஐ.எஸ். 636 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள புது 63 மில்லிமீட்டர் ஹோஸ் வாங்குங்கள், உடனடியாகப் பூட்டுகிற பழைய வகைக் கப்ளிங்கே இன்றைக்கும் நடைமுறையில் இருப்பதால் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். பிராஞ்சைப் பிடிக்கப் பழகினவர் கையில் மட்டும் கொடுங்கள். அழுத்தத்தோடு கையைவிட்டுப் போன பித்தளை பிராஞ்ச் மண்டையை உடைக்கும்.

8. பாடி, நிறம், எழுத்து

மரச்சட்டத்தை அதே மரத்தில், அதே இணைப்பில் செய்யச் சொல்லுங்கள். கரூர், நாமக்கல் பட்டறைகளில் வயதான ஆசாரிகளுக்கு மரப் பாடி கட்டின அனுபவம் இருக்கும், இளையவர்களுக்கு இரும்புக் குழாய் வேலைதான் தெரியும், அதனால் அந்தப் பெரியவரைக் கேட்டு வாங்குங்கள்.

சில பழைய வண்டிகளில் ஆட்கள் வெளியே, இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக வெளிப்பக்கம் பார்த்து உட்காருவார்கள். பிரெய்ட்வுட் பாடி என்று பெயர், 1861-ல் லண்டன் டூலி தெருத் தீயில் சுவர் விழுந்து இறந்த தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் நினைவாக வந்தது. திருப்பத்தில் ஆட்கள் தூக்கி எறியப்பட்ட விபத்துகள் நடந்ததால்தான் பிறகு மூடின கேபின் வந்தது. உங்கள் வண்டியில் அப்படி இருக்கை இருந்தால் மாற்றாமல் வையுங்கள், ஆனால் ஓடும்போது யாரையும் அதில் உட்கார வைக்காதீர்கள், நிற்கும்போது மட்டும்.

நிறத்துக்கு அவசரப்படாதீர்கள். மணிக்கு அடியிலோ பெயர்ப்பலகைக்கு அடியிலோ ஒரு சின்ன இடத்தில் அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்த்தால் முதல் நிறம் தெரியும். தெரியாவிட்டால் இந்தியத் தர வண்ண அட்டையில், அதாவது ஐ.எஸ். 5-ல், 536 என்ற எண்ணுக்கு ‘ஃபயர் ரெட்’ என்றே பெயர், அதைக் கலக்கச் சொல்லுங்கள். தேய்க்கும்போது எழுத்து கிடைத்தால் உடனே நிறுத்திப் போட்டோ எடுங்கள். மாநிலத்தின் பெயர் 1969-ல்தான் தமிழ்நாடு ஆனது, அதற்கு முந்தைய வண்டி என்றால் ‘மெட்ராஸ்’ என்று அடியில் இருக்கலாம், மில் வண்டி என்றால் மில் பெயர் இருக்கும். அதையே திரும்ப எழுதுங்கள். பழைய வண்டியில் இன்றைய துறைப் பெயரைப் போடுவது சரியில்லை. ஸ்டிக்கர் ஒட்டாமல், நாமக்கல் லாரிகளுக்கு எழுதுகிற கைத் தொழில்காரரை வைத்து எழுதுங்கள், அந்த எழுத்துக்கு ஈடு இல்லை.

பித்தளைக்குப் புளி போட்டு விளக்கலாம், நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும். நிக்கல் முலாம் பூசினதைப் புளி வைத்துத் தொடாதீர்கள். எண்களும் முத்திரைகளும் உள்ள இடத்தை அதிகம் தேய்த்தால் அவை மழுங்கிப் போகும். கோவை அவினாசி ரோட்டில் உள்ள ஜீடி கார் மியூசியத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், பழைய வண்டியை எவ்வளவு பளபளப்பாக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது கண்ணுக்குப் பழகும்.

9. ஓட்டிப் பார்ப்பது

4,500 லிட்டர் டேங்க் நிறைந்தால் தண்ணீர் மட்டும் நாலரை டன். பழைய பிரேக்குக்கு அது பெரிய சுமை. காலியாக ஓட்டுங்கள், அல்லது முழுக்க நிரப்பி ஓட்டுங்கள், பாதித் தண்ணீரோடு ஓட்டவே கூடாது, திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கம் பாய்ந்து வண்டியைச் சாய்க்கும். டயர் பட்டன் நன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள், பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும், அதைப் பாருங்கள். முதல் ஓட்டம் மூடின காம்பவுண்டுக்குள் மட்டும்.

10. ஏப்ரல் 14

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். ஸ்டேஷன் ஆட்களுக்கு அந்த வாரம் முழுக்க பள்ளி, மில், ஆஸ்பத்திரி என்று விழிப்புணர்வு வேலை இருக்கும். அதனால் ஒரு மாதம் முன்பே நிலைய அலுவலரை நேரில் பார்த்து, ‘சார், பதினாலாந் தேதி காலையில அஞ்சலி முடிஞ்சதுக்கப்புறம் அரை மணி நேரம் வண்டியக் கொண்டு வரலாமுங்களா’ என்று கேளுங்கள், கடிதமும் கொடுங்கள். அவர் மாவட்ட அலுவலரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். முடியாது என்றால் 20-ம் தேதிக்குள் வேறொரு நாள் கேளுங்கள்.

வண்டியை ஸ்டேஷன் வாசலுக்கு எதிரே நிறுத்தவே கூடாது. அழைப்பு வந்தால் அவர்கள் வண்டி ஒரு நிமிடத்துக்குள் வெளியே வர வேண்டும். பக்கவாட்டில், சாவியோடு ஒருவர் எப்போதும் இருக்கும்படி நிறுத்துங்கள். அஞ்சலியின்போது நீங்களும் பின்னால் அமைதியாக நில்லுங்கள், அந்த நேரத்தில் வீடியோ எடுத்துக்கொண்டு குறுக்கே போக வேண்டாம்.

ஓய்வு பெற்றவர்களை முதலில் வண்டியில் ஏற்றுங்கள், எம்.எல்.ஏ., கவுன்சிலர் எல்லாம் அப்புறம். மேடை, மைக், நீளமான பேச்சு எதுவும் தேவையில்லை. இப்போது வேலையில் இருக்கிற இளைஞர்கள் பழைய பம்பை இயக்கிப் பார்க்க, ஓய்வு பெற்றவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கட்டும். இப்படி அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதற்காகத்தான் இவ்வளவு வேலையும்.

சாப்பாடு கொடுப்பதானால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இலை போட்டு விருந்து வைத்தால் பாதியில் அழைப்பு வந்து எழுந்து ஓட வேண்டியிருக்கும், பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் திரும்பி வந்து சாப்பிடுவார்கள். இரவுப் பணி ஆட்களுக்கும் சேர்த்து எண்ணிக் கொண்டு போங்கள். பணமோ விலை உயர்ந்த பொருளோ தனி ஆள் கையில் கொடுக்காதீர்கள், அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன, நல்லெண்ணத்தில் கொடுத்து அவரைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. நிலையத்துக்கு ஆர்.ஓ. வாட்டர், மின்விசிறி மாதிரி ஏதாவது தர வேண்டும் என்றால் மாவட்ட அலுவலருக்கு எழுதி முறையாகக் கொடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட ஒரு கடிதம் பெரியது. எந்தத் தேதி, எந்த இடம், என்ன செய்தார்கள் என்று தெளிவாக எழுதி நிலைய அலுவலருக்கும், நகல் மாவட்ட அலுவலருக்கும் அனுப்புங்கள். ‘உங்கள் சேவைக்கு நன்றி’ என்று பொதுவாக எழுதினால் அது ஃபைலில் தூங்கும், ‘போன ஐப்பசியில் எங்கள் மாட்டை அறுபதடிக் கிணற்றிலிருந்து தூக்கிக் கொடுத்தீர்கள், அது இப்போது கன்று போட்டிருக்கிறது’ என்று எழுதினால் ஸ்டேஷனில் எல்லோரும் படிப்பார்கள்.

தீபாவளி அன்று போகவே போகாதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆயுத பூஜை நல்ல நாள், பொரி கடலையோடு போகலாம்.

11. வண்டி இல்லாவிட்டால்

வண்டி இல்லாதவர்களும் செய்யக் கூடியவை நிறைய, எனக்கு முக்கியமாகப் படுவது தண்ணீர். நிமிடத்துக்கு 1,800 லிட்டர் தள்ளுகிற பம்ப் முழு வேகத்தில் ஓடினால் 4,500 லிட்டர் டேங்க் இரண்டரை நிமிடத்தில் காலி. அதன்பிறகு எங்காவது நிரப்பியாக வேண்டும். எந்தப் பம்பும் மேலேயிருந்து சுமார் 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்ச முடியாது, காற்றழுத்தத்தால் நடைமுறையில் வருகிற எல்லை அது. நம் தோட்டத்துக் கிணறுகளோ பாறையை வெட்டி அதைவிட எத்தனையோ ஆழத்துக்குப் போனவை. அதனால் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தாலும் ஃபயர் வண்டியால் அதைத் தொட முடியாது, நீங்கள் மோட்டார் போட்டால்தான் உண்டு, தீயால் கரண்டை நிறுத்திவிட்டால் அதுவும் இல்லை. நார் மில், குடோன், பெரிய தோட்டம் வைத்திருப்பவர்கள் தரைமட்டத்தில் ஒரு தொட்டியை எப்போதும் நிரப்பி வைத்து, வண்டி பக்கத்தில் வந்து நிற்க வழி விட்டு, அந்த இடத்தை ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். கேட் அகலத்தையும் வழியில் தொங்குகிற ஒயரையும் அப்படியே பாருங்கள்.

ரோட்டில் வழிவிடுவது பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, 2019 திருத்தத்துக்குப் பிறகு வழிவிடாதவர்களுக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 101-க்கு விளையாட்டாகப் போன் செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தீ நடக்கிற இடத்தில் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்காதீர்கள், அணைத்து முடித்து வெளியே வருகிறவர்களுக்குக் கை கால் கழுவவும் குடிக்கவும் தண்ணீர் எடுத்து வையுங்கள்.

12. விழா முடிந்த பிறகு

பம்பிலும் டேங்கிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடியுங்கள். நம் போர் தண்ணீரின் உப்பு, உள்ளே நின்றால் ஒரே வருடத்தில் படிந்து வால்வுகளை இறுக்கிவிடும், அதனால் முடிந்தால் கடைசியாக நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். ஹோஸை நிழலில் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகே சுருட்டுங்கள். மாதம் ஒருமுறை எஞ்சினை ஓட்டி, பி.டி.ஓ.-வைப் பூட்டி விடுவித்து, டயரைக் கொஞ்சம் உருட்டி வையுங்கள். ஓய்வு பெற்றவர்கள் சொன்னதை எழுத்தில் எடுத்து, போட்டோக்களோடு ஒரு நோட்டாகக் கட்டி, ஒரு பிரதியை வண்டியின் கருவிப் பெட்டியிலும் இன்னொன்றை நிலையத்திலும் வையுங்கள். அடுத்த வருடம் வேறு யார் வண்டியைப் பார்த்துக்கொண்டாலும் எந்த வால்வை முதலில் திறப்பது என்று அதில் இருக்கும்.